இந்தியானா 2015: மசோதா 101, அதன் ஒன்பதாம் பிரிவு, பிளவுபட்ட திருச்சபைகள்

இந்தியானா ஆளுநர் மைக் பென்ஸ் 2015 மார்ச் 26 அன்று கையெழுத்திட்ட செனட் மசோதா 101, சமய நம்பிக்கையைக் காட்டிப் பொதுச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க வழி தரும் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம், அச்சில் சில பக்கங்கள்தான். அதில் தன்பாலீர்ப்பாளர் என்ற சொல் எங்கும் இல்லை. திருமணம், கேக், பூக்கடை எதைப் பற்றியும் பேச்சில்லை. செனட்டில் 40க்கு 10, கீழவையில் 63க்கு 31 என்று சிரமமில்லாமல் நிறைவேறியது. ஆனாலும், இதைக் காட்டித் தன்பாலீர்ப்பாளருக்குச் சேவை மறுப்பார்கள் என்று எழுந்த எதிர்ப்பால், கையெழுத்தான ஏழாம் நாளே அதே சபை, அதே ஆளுநரைக் கொண்டு அதைத் திருத்தியது.

இடைப்பட்ட வாரத்தில் நடந்ததைப் பலரும் "கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தன்பாலீர்ப்பாளர்கள் மறுபக்கம்" என்றே எழுதினார்கள். உண்மையில் சண்டையின் பாதி கிறிஸ்தவர்களுக்குள் நடந்தது. தன்பாலினத் திருமணத்தை ஆதரித்துக்கொண்டே இந்தச் சட்டத்தையும் ஆதரித்தவர்கள் இருந்தார்கள். 1993இல் இதன் மூலச் சட்டத்துக்காக உழைத்துவிட்டு, இந்தியானாவில் விலகி நின்ற பாப்டிஸ்டுகளும் இருந்தார்கள். இது எப்படி நேர்ந்தது என்று புரிய, இந்தச் சட்டத்தை மட்டும் படித்தால் போதாது. அருகில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத, இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூலச் சட்டம்

கதை ஒரு கள்ளிச்செடியில் தொடங்குகிறது. ஓரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்த இருவர், அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டார்கள். அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள். வேலை போனது, வேலையிழப்பு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் பக்கம் நின்றது. எந்தச் சமயத்தையும் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சட்டத்திலிருந்து சமய நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்று நீதிபதி ஸ்கலீயா எழுதினார். சனிக்கிழமை வேலை செய்ய மறுத்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் பெண்ணுக்கு 1963இலும், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் பெற்றோருக்கு 1972இலும் கிடைத்த பாதுகாப்பு இதனால் ஆட்டம் கண்டது.

அதை மீட்கத்தான் 1993இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமயச் சுதந்திர மீட்புச் சட்டத்தை இயற்றியது. செனட்டில் 97க்கு 3. பில் கிளின்டன் நவம்பர் 16 அன்று கையெழுத்திட்டார். அதற்காக ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களின் பட்டியல் இன்று நம்பக் கடினமானது: ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு, சுவிசேஷகர்களின் தேசியச் சங்கம், பாப்டிஸ்ட் கூட்டுக் குழு, தெற்கு பாப்டிஸ்டுகள், அமெரிக்க யூதக் காங்கிரஸ். தயங்கி நின்றவர்களில் முக்கியமானவர்கள் கத்தோலிக்க ஆயர்கள். "என் சமயம் அனுமதிக்கிறது" என்று சொல்லி யாராவது கருக்கலைப்பு உரிமை கேட்டு இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதே அவர்களின் பயம். பிறகு சமாதானமாகி ஆதரித்தார்கள். அந்தப் பயத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும்.

சட்டம் விலக்கு எதையும் நேரடியாகக் கொடுப்பதில்லை. நீதிபதி கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை மட்டுமே கொடுக்கிறது. முதல் இரண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விலக்குக் கேட்பவர்: நம்பிக்கை மனமார்ந்ததா? அரசின் செயல் அதன்மேல் கணிசமான சுமையை ஏற்றுகிறதா? இவை இரண்டும் தேறினால் பொறுப்பு அரசின் தலைக்கு மாறுகிறது. விட்டுக்கொடுக்கவே முடியாத பொதுநலன் ஒன்று இதில் இருக்கிறதா? இருந்தாலும், அதை எட்ட இதைவிடக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழி கிடையாதா? கடைசிக் கேள்வியில்தான் அரசுகள் பெரும்பாலும் தடுக்கி விழும். ஒரு சட்டத்தில் வேறு யாருக்காவது ஏற்கெனவே விலக்கு இருந்தால், "இவருக்கு மட்டும் ஏன் கொடுக்க முடியாது?" என்று நீதிபதி கேட்டுவிடுவார்.

1997இல் உச்ச நீதிமன்றம் இந்த மத்தியச் சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்றது. டெக்சாஸின் பர்னி என்ற ஊரில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றை விரிவாக்க நகராட்சி அனுமதி மறுத்த வழக்கு அது. அதன்பின் மாநிலங்கள் தாங்களே ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டுக்கொண்டன. இந்தியானாவுக்கு முன் 19 மாநிலங்களில் இது இருந்தது. இல்லினாய் 1998இல் இயற்றியபோது ஆதரித்து வாக்களித்த மாநில செனட்டர்களில் ஒருவர் பராக் ஒபாமா.

நகல் எடுத்தபோது மாறியது

"மற்ற மாநிலங்களில் இருப்பதுதானே, எங்களை மட்டும் ஏன் அடிக்கிறீர்கள்?" என்று பென்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். அதில் நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. 1993இன் வாசகத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்கள் மாறியிருந்தன.

ஏழாம் பிரிவு "நபர்" யார் என்று சொல்கிறது. தனிமனிதர், சமய அமைப்பு ஆகியோரோடு கூட்டு வணிகம், நிறுவனம் எல்லாவற்றையும், லாப நோக்கம் உள்ளதா இல்லையா என்று பாராமல், சேர்த்துக்கொள்கிறது. இது திடீரென்று முளைத்ததல்ல. 2014 ஜூனில் ஹாபி லாபி என்ற கடைத்தொடர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சிலர் கையில் மட்டும் பங்குகள் உள்ள நிறுவனங்களுக்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்திருந்தது. இந்தியானா அந்த "சிலர் கையில்" என்ற வரம்பை வைக்காமல் எழுதியது.

ஒன்பதாம் பிரிவுதான் உண்மையான முடிச்சு. சமயப் பயிற்சி சுமைக்குள்ளானவரோ "சுமைக்குள்ளாகக்கூடியவரோ" இந்தச் சட்டத்தைக் கோரிக்கையாகவோ எதிர்வாதமாகவோ நீதிமன்றத்தில் வைக்கலாம் என்றும், அரசு அந்த வழக்கில் ஒரு தரப்பாக இருக்க வேண்டியதில்லை என்றும் அது சொன்னது. வேர் நியூ மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே ஒரு புகைப்பட நிறுவனம் 2006இல் இரு பெண்களின் இணைவு விழாவைப் படமெடுக்க மறுத்தது. அந்த மாநிலத்திலும் சமயச் சுதந்திரச் சட்டம் இருந்தது. ஆனால் அரசு தரப்பாக இல்லாத வழக்கில் அது செல்லாது என்று 2013 ஆகஸ்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியானாவின் ஒன்பதாம் பிரிவு அந்தக் கதவை முன்கூட்டியே திறந்து வைத்தது.

1993இல் சட்டத்தின் படம் எளிமையானது: ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் தன் கடவுளோடு நிற்கும் சிறுபான்மையினர். ஒன்பதாம் பிரிவு வந்ததும் படத்தில் மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கிறார். வீடு வாடகைக்குக் கேட்பவர், வேலைக்கு மனுப்போட்டவர், கேக் வாங்க வந்தவர். விலக்கின் விலையை அரசு அல்ல, அவர் செலுத்துகிறார். பாப்டிஸ்ட் கூட்டுக் குழு போன்ற பழைய ஆதரவாளர்கள் விலகி நின்றதற்கு இந்த இட மாற்றம்தான் காரணம்.

இல்லாத சட்டம்

கனெக்டிகட் ஆளுநர் டேனல் மலோய், தம் அரசு ஊழியர்கள் அரசுச் செலவில் இந்தியானா போகத் தடை விதித்தார். அவருடைய மாநிலத்திலேயே 1993 முதல் இதே வகைச் சட்டம் இருந்தது. அதில் "கணிசமான" என்ற சொல்கூட இல்லை, வெறும் "சுமை" போதும். மசோதாவின் ஆதரவாளர்கள் இதைப் பெரிய இரட்டை வேடமாகக் காட்டினார்கள். ஆனால் கனெக்டிகட்டில் 1991 முதலே பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற மாநிலச் சட்டமும் இருந்தது. இல்லினாயும் 2005இல் அதைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு சட்டங்களும் இருக்கும் இடத்தில் நீதிபதி இரண்டையும் தராசில் வைப்பார். இந்தியானாவில் ஒரு தட்டுதான் இருந்தது.

மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தில் இனம், நிறம், சமயம், பால் என்று பட்டியல் உண்டு. பாலீர்ப்பு அதில் கிடையாது. ஆகவே இந்தியானாவின் பெரும்பகுதியில் ஒரு கடைக்காரர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மசோதா 101 தேவையே இல்லை. அதற்கு முந்தின நாளும் அனுப்பலாம், மறுநாளும் அனுப்பலாம். எதிர்த்துப் போராடியவர்கள் அதிகம் வெளியில் சொல்லாத விஷயம் இது. சட்டம் உண்மையில் கை வைக்கக்கூடிய இடம், தாங்களே பாதுகாப்பு விதி இயற்றியிருந்த நகரங்கள் மட்டுமே. மாநிலத் தலைநகர் இண்டியனாபொலிஸ் 2005இல், சவுத் பெண்ட் 2012இல் அப்படிச் செய்திருந்தன, புளூமிங்டனிலும் விதி இருந்தது.

ஆதரவாளர்கள் வெளியில் சொல்லாததும் ஒன்று உண்டு. அவர்கள் ஊர் ஊராக எடுத்துக்காட்டிய பேக்கரி, பூக்கடை வழக்குகள் கொலராடோ, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைச் சேர்ந்தவை. அந்த மூன்றிலும் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் இல்லை. சட்டம் இருந்த நியூ மெக்சிகோவில் மறுத்தவர் தோற்றார். "இது இருந்தால் பேக்கரிக்காரர் தப்புவார்" என்பதற்கு ஆதாரமாக வெற்றி பெற்ற ஒரு வழக்கைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு எழுத்தளவில் ஒரு மருந்து 1999இலிருந்தே கிடைத்தது. டெக்சாஸ் தன் சட்டத்தை இயற்றியபோது, குடிமை உரிமைச் சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளில் இது புதிய எதிர்வாதம் எதையும் உண்டாக்காது என்று ஒரு பிரிவு வைத்தது. டெக்சாஸைத் தாராளவாத மாநிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தியானாவில் ஜனநாயகக் கட்சியினர் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டன. அந்த ஒரு வரி மார்ச் நடுவிலேயே சேர்ந்திருந்தால் இந்த ஆய்வை எழுதும் வேலையே வந்திருக்காது.

ஏழு நாட்கள்

கையெழுத்து மூடிய அறையில் நடந்தது. ஆளுநர் அலுவலகமே பின்னர் வெளியிட்ட படத்தில் பென்ஸைச் சுற்றித் துறவிகளும் கன்னியரும் நின்றார்கள். பின்வரிசையில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பல ஆண்டு பிரசாரம் செய்த மூன்று அமைப்புகளின் தலைவர்கள். அவற்றில் அட்வான்ஸ் அமெரிக்கா என்ற அமைப்பு தன் ஆதரவாளர்களுக்கு ஏற்கெனவே எழுதியிருந்தது: தன்பாலினத் திருமணத்தில் பங்கேற்க மறுக்கும் கிறிஸ்தவ பேக்கரிக்காரர், பூ வியாபாரி, புகைப்படக்காரர் ஆகியோரை இது காக்கும் என்று. "இந்தச் சட்டத்துக்கும் பாகுபாட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று ஆளுநர் சொல்லச் சொல்ல, அவருக்குப் பின்னால் நின்றவர்களின் சொந்த வாசகமே அவரை மறுத்தது. சட்டத்தின் நோக்கத்தைத் தேடும் நீதிபதிகளும் இப்படிப்பட்ட வாசகங்களைத்தான் கேட்பார்கள் என்பதை வரைவாளர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 29 ஞாயிறு, ஏபிசி தொலைக்காட்சியில் ஜார்ஜ் ஸ்டெபனோபுலஸ் கேட்டது ஆம், இல்லை என்று முடியக்கூடிய கேள்வி: தன்பாலீர்ப்பாளருக்குச் சேவை மறுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறதா? பென்ஸ் பலமுறை கேட்டும் பதில் சொல்லவில்லை. சட்டப்படி நேர்மையான பதில் "பெரும்பாலும் இல்லை, ஆனால் நீதிமன்றத்தில் வாதிடலாம்" என்பதாக இருந்திருக்கும். அதைச் சொன்னால் பின்வரிசையில் நின்றவர்கள் கைவிட்டுப் போவார்கள்.

செவ்வாயன்று இண்டியனாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் முதல் பக்கம் முழுவதையும் "இதை இப்போதே சரிசெய்யுங்கள்" என்ற பெரிய எழுத்துக்களுக்கு ஒதுக்கியது. ஆஞ்சீஸ் லிஸ்ட் நிறுவனம் 4 கோடி டாலர் விரிவாக்கத்தை நிறுத்தியது. அதன் தலைவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் தேர்தல் பணியை முன்பு நடத்தியவர். நகர மேயர் கிரெக் பல்லார்டும் குடியரசுக் கட்சிக்காரர்தான், அவரும் எதிர்த்தார். கல்லூரிக் கூடைப்பந்து இறுதிச் சுற்று ஏப்ரல் 4இல் அதே நகரத்தில் தொடங்கவிருந்தது. போட்டியை நடத்தும் சங்கத்தின் தலைமையகமும் அங்கேயே. நேரம் இதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது.

திருச்சபைகள் எங்கே பிரிந்தன

வணிக நிறுவனங்களின் சத்தத்தில் அமுங்கிப்போன ஒன்று: கையெழுத்துக்கு முந்தின நாளே ஆளுநருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது ஒரு திருச்சபை. இண்டியனாபொலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட், தன் 2017 பொதுப் பேரவையை வேறு ஊருக்கு மாற்றுவோம் என்றது. தன்பாலினத் திருமணத்தைப் பற்றி அதன் சபைகளுக்குள் ஒத்த கருத்து இருந்ததில்லை. ஆனால் அந்தத் திருச்சபையின் அடையாளமே வாரந்தோறும் எல்லோருக்கும் திறந்திருக்கும் திருவிருந்து மேசை. பேரவைக்கு வரும் தங்கள் உறுப்பினர்களில் சிலருக்கு உணவகத்திலோ விடுதியிலோ இடம் மறுக்கப்படலாம் என்பது அவர்களுக்குக் கோட்பாட்டுப் பிரச்சினையாக மட்டும் இல்லை. இண்டியனாபொலிஸ் எபிஸ்கோப்பல் பிஷப் கேத்தரின் வேனிக்கும் எதிர்த்தார்.

மாநிலத்தின் ஐந்து கத்தோலிக்க மறைமாவட்ட ஆயர்களும் ஏப்ரல் 1 அன்று சேர்ந்து அறிக்கை விட்டார்கள். ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயல், மதிப்போடு நடத்தப்பட வேண்டியவர், அதேபோல் சமயச் சுதந்திரமும் காக்கப்பட வேண்டியது என்பது சாரம். இரு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாக வாசித்தன. நம் பார்வையில் அது வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது.

வாதத்தின் உள்ளடக்கம் இதைவிடச் சுவையானது, அது ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2014 பிப்ரவரியில் கன்சாஸ், அரிசோனா மாநிலங்களில் இதுபோன்ற மசோதாக்கள் வந்தபோது, சுவிசேஷக எழுத்தாளர்கள் சிலர் ஒரு குத்தலான கேள்வி கேட்டார்கள்: விவாகரத்தானவரின் மறுமணத்துக்குக் கேள்வி கேட்காமல் படமெடுக்கிறீர்களே, இயேசு நேரடியாகப் பேசியது அதைப் பற்றித்தானே? அட்லாண்டாவின் பெரிய சபை ஒன்றின் போதகர் ஆண்டி ஸ்டான்லி, தன்னோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் சேவை செய்வதே கிறிஸ்தவத்தின் சாரம் என்றார். ஒரு மைல் சுமக்கச் சொல்லும் ரோமப் படைவீரனோடு இரண்டு மைல் போகச் சொன்ன மலைப்பிரசங்கம் இந்தத் தரப்பின் வசனம்.

தெற்கு பாப்டிஸ்டுகளின் பொதுக்கொள்கைப் பிரிவுத் தலைவர் ரஸ்ஸல் மூர் இதற்குப் பவுலைக் கொண்டு பதில் சொன்னார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், எட்டாம் பத்தாம் அதிகாரங்கள், விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, ஆனால் "இது படைக்கப்பட்டது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் சாப்பிடாதே. அதன்படி புகைப்படக்காரர் ஒவ்வொரு மணமக்களின் பின்னணியையும் துருவ வேண்டியதில்லை. மறுமணம் வேதப்படி ஏற்கத்தக்கதாகவும் இருக்கலாம், அவருக்குத் தெரியாது. கண்ணெதிரே தெரிவதில் மட்டும் மனச்சாட்சி எழுகிறது.

இந்த வாதத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது ஆளை மறுப்பதற்கும் விழாவில் பங்கேற்க மறுப்பதற்கும் கோடு போடுகிறது. தினமும் வந்து பிறந்தநாள் கேக் வாங்கும் தன்பாலீர்ப்பாளருக்கு விற்பேன், அவருடைய திருமணக் கேக்கை மட்டும் செய்ய மாட்டேன் என்பதே மூர் தரப்பின் நிலை. நிலை இவ்வளவு குறுகியது, ஆனால் மசோதா 101இன் வாசகம் அகலமானது. திருமணம் என்றோ விழா என்றோ அதில் எல்லை இல்லை. வேலை, வாடகை, மருத்துவம் எல்லாவற்றிலும் வாதமாக வைக்கலாம். இறையியல் கேட்டது ஒரு சன்னல், சட்டம் திறந்தது முழுச் சுவர். எதிர்த்த கிறிஸ்தவர்கள் இங்கேதான் 1968ஐ நினைவூட்டினார்கள். தென் கரோலினாவில் இறைச்சி உணவகங்கள் நடத்திய ஒருவர், இனங்கள் கலப்பது தேவ சித்தத்துக்கு விரோதம் என்று சொல்லிக் கறுப்பின மக்களுக்கு உள்ளே இடம் மறுத்தார். உச்ச நீதிமன்றம் அந்தச் சமய வாதத்தை அற்பமானது என்று அடிக்குறிப்பிலேயே தள்ளியது.

சட்டப் பேராசிரியர்களும் பிரிந்தார்கள். டக்ளஸ் லேகாக், இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேனியல் காங்கல் இருவரும் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தவர்கள், மசோதாவையும் ஆதரித்தார்கள். நான்கு கேள்விகளை நீதிபதிகள் கவனமாகவே பயன்படுத்துவார்கள், பாகுபாட்டைத் தடுப்பது அரசின் விட்டுக்கொடுக்க முடியாத நலன் என்று ஏற்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பிப்ரவரி இறுதியிலேயே 30 பேராசிரியர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் கேட்டது: மாநிலச் சட்டமே பாலீர்ப்பைப் பாதுகாக்காத இடத்தில், அது மாநிலத்தின் தவிர்க்க முடியாத நலன் என்று எந்த நீதிபதி எப்படிச் சொல்வார்? அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஆதரவாளர்களிடமிருந்து வரவில்லை.

திருத்தம்

ஏப்ரல் 2 அன்று மசோதா 50 வழியாகத் திருத்தம் நிறைவேறியது. கீழவையில் 66க்கு 30, செனட்டில் 34க்கு 16. சேவை, பொருள், வேலை, வீடு ஆகியவற்றை இனம், சமயம், வயது, ஊனம், பாலீர்ப்பு, பாலின அடையாளம், ராணுவப் பணி போன்றவற்றைக் காட்டி மறுக்க மசோதா 101 அதிகாரம் தராது, அப்படி மறுத்ததற்கு எதிர்வாதமாகவும் நிற்காது. தேவாலயங்கள், லாபமற்ற சமய அமைப்புகள், சமயப் பணியில் இருக்கும் குருமார்கள் இதற்கு வெளியே. இந்தியானா சட்டப் புத்தகத்தில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்ற சொற்கள் பாதுகாப்புப் பட்டியலாக இடம்பெற்றது இதுவே முதல் முறை. ஆனால் அது கதவுக்குப் போட்ட பூட்டு மட்டுமே. புதிய உரிமை எதையும் தரவில்லை. மாநிலம் முழுவதற்குமான பாதுகாப்புச் சட்டத்துக்கு 2016இல் நடந்த முயற்சியும் தோற்றது.

அதே வாரம் அர்கன்சாஸ் ஆளுநர் தம் மேசைக்கு வந்த மசோதாவை 1993இன் வாசகத்துக்கு நெருக்கமாக மாற்றச் சொல்லிப் பிறகு கையெழுத்திட்டார். யூட்டா இரண்டு வாரம் முன்னரே வேறு பாதையில் போயிருந்தது. மார்மன் திருச்சபையின் ஒப்புதலோடு வேலையிலும் வீட்டிலும் பாலீர்ப்புப் பாகுபாட்டைத் தடைசெய்து, கூடவே சமய அமைப்புகளுக்கு விலக்கும் எழுதினார்கள். 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும் நான்குக்குக் குறைவான குடியிருப்புகளுக்கும் பொருந்தாது. கடைகள், உணவகங்கள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேக் சண்டையைத் தீர்க்கவில்லை, மேசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஒப்பந்தம் நிலைத்தது.

இப்படி ஒரு மசோதா எங்கே வந்தாலும் முதலில் "நபர்" என்ற வரையறையைத் தேடுங்கள், லாப நிறுவனம் உள்ளே வருகிறதா என்று. அடுத்து, அரசு இல்லாத வழக்கில் இதை வைக்கலாமா என்ற வரி. பிறகு டெக்சாஸ் பாணியில் குடிமை உரிமைச் சட்ட விலக்கு இருக்கிறதா. கடைசியாக மசோதாவை மூடிவைத்துவிட்டு, அந்த மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைத் திறந்து பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பேச்சாளர்கள் பெரும்பாலும் மூன்றாவதோடு நின்றுவிடுவார்கள். குருமார்களைக் கட்டாயப்படுத்தி மணம் நடத்தவைப்பார்கள் என்ற பிரசாரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டாம். அதை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே தடுக்கிறது, எந்தத் தரப்பும் அதைக் கேட்டதில்லை.

பின்னர் யார் பயன்படுத்தினார்கள்

இண்டியனாபொலிஸ் சுற்றுலா அமைப்பின் கணக்கில் 12 மாநாடுகள் வரை கைநழுவின, இழப்பு 6 கோடி டாலர் வரை. டிசைப்பிள்ஸ் பேரவை மட்டும் திருத்தத்துக்குப் பிறகு மனம் மாறி 2017இல் அங்கேயே கூடியது. படத்தின் பின்வரிசையில் நின்ற அமைப்புகளில் இரண்டு, திருத்தத்தையும் நகர விதிகளையும் எதிர்த்து 2015 டிசம்பரில் வழக்குப் போட்டன. விதிகளால் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட முடியாமல் 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றன.

வேலைப் பாதுகாப்பு வேறு வழியில் வந்தது. சவுத் பெண்டில் ஒரு கல்லூரி ஆசிரியை தொடர்ந்த வழக்கில், 2017 ஏப்ரலில் ஏழாவது மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் பாலீர்ப்புப் பாகுபாடும் பால் பாகுபாடே என்றது. 2020இல் உச்ச நீதிமன்றம் பாஸ்டாக் தீர்ப்பில் அதையே நாடு முழுவதற்கும் ஆக்கியது. கல்யாணக் கலைஞர்களின் விலக்கும் இந்தச் சட்டத்தின் வழியாக வரவில்லை. 2023இல் கொலராடோ இணையதள வடிவமைப்பாளர் வென்றது பேச்சுரிமையின் பேரில்.

கத்தோலிக்கர்களுக்குள் சண்டை பள்ளிகளுக்குப் போனது. தன்பாலினத் திருமணம் செய்த ஆசிரியர்களை நீக்கும்படி 2019இல் இண்டியனாபொலிஸ் பேராயர் கேட்டார். கத்தீட்ரல் பள்ளி கீழ்ப்படிந்தது. இயேசு சபையினரின் பிரெபோஃப் பள்ளி மறுத்தது. மறுத்த பள்ளியின் கத்தோலிக்க அங்கீகாரத்தைப் பேராயர் ரத்து செய்ய, வத்திக்கான் அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நீக்கப்பட்டவரும் நீக்கப்படாதவரும் ஒருவரையொருவர் மணந்த தம்பதி. நீதிமன்றங்கள் திருச்சபையின் உள்விவகாரத்தில் தலையிட மறுத்தன. அதற்கு மசோதா 101 தேவைப்படவே இல்லை.

மசோதா 101ஐ உண்மையில் கையிலெடுத்தவர்கள் வேறு ஆட்கள். சட்டம் கையெழுத்தான அன்றே பதிவான "முதல் கஞ்சாத் திருச்சபை" என்ற அமைப்பு வழக்குப் போட்டு 2018இல் தோற்றது. பிள்ளையை அடித்த ஒரு தாய் நீதிமொழிகளைக் காட்டி இதை எதிர்வாதமாக வைத்தார், கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வென்றது 2022இல். இந்தியானா ஆகஸ்டில் கருக்கலைப்புத் தடை இயற்றியதும், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் யூத அமைப்பும் பெயர் வெளியிடாத சில பெண்களும் மருத்துவ உரிம வாரியத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தாயின் உடல்நலமோ மனநலமோ கெடும்போது கருவைக் கலைக்கத் தங்கள் சமயம் சொல்கிறது என்பது வாதம். அப்போது அவர்கள் கருவுற்றிருக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் பிரிவு "சுமைக்குள்ளாகக்கூடியவர்" என்றும் சொல்கிறதே! வழக்கை நடத்தியது 2015இல் மசோதாவை எதிர்த்த அதே ஏசிஎல்யூவின் இந்தியானா கிளை. டிசம்பரில் அவர்கள்மீது அந்தச் சட்டத்தைச் செயல்படுத்த இடைக்காலத் தடை கிடைத்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் அடிப்படையை உறுதிசெய்து, வீச்சை மட்டும் குறுக்கச் சொன்னது. கருக்கலைப்புத் தடைச் சட்டம் பாலியல் வன்முறையாலோ நெருங்கிய இரத்த உறவினராலோ உண்டான கருவுக்கு விலக்குத் தந்திருந்தது, செயற்கைக் கருத்தரிப்பைத் தொடவே இல்லை. அப்படியிருக்க இவர்களுக்கு மட்டும் ஏன் விலக்குத் தர முடியாது என்ற கடைசிக் கேள்வியில் அரசு விழுந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தலையிட மறுக்க, வழக்கு கீழமை நீதிமன்றத்துக்கே திரும்பியது.